கசக்காத கஷாயம்

நீல விளிம்பு வைத்த எனாமல் டம்ளர் ஒன்று நம் தேயிலை எஸ்டேட் வரிசைக் குடியிருப்பில், நம் லயத்தில், வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்ததே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? அடியில் காசளவுக்குப் பூச்சு உதிர்ந்து கறுப்பாகத் தெரியும். போன முறை கோயில் கொடைக்கு எல்லோரும் ஒன்றுகூடியபோதுகூட, அது கடைசியில் யார் வீட்டில் நின்றது என்று நீங்கள் கத்திச் சண்டை போட்டீர்கள். நான் பாயசம் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இன்று காலை தலை சீவும்போது என் முதல் நரையைப் பார்த்தேன். முப்பது வயதில் ஒரு நரை வந்தால் கிழவியாகிவிட்டதாக அர்த்தமில்லை. உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் பத்து வந்திருக்கும். ஆனாலும் பழைய பொய்யை ஒப்புக்கொள்ள இது ஒரு நல்ல நாள் என்று தோன்றியது. அதோடு, வெளியே ஐப்பசி மழை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமுகிறார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது அந்தச் சத்தம் அப்படியே நம் லயத்துச் சத்தமாகக் கேட்கிறது.

சூரியநெல்லி ஐப்பசியை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மூடுபனி கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்காரும். தீப்பெட்டியை அடுப்பு மேட்டில் வைக்காவிட்டால் குச்சி பற்றாது. துவைத்த பாவாடை மூன்று நாள் கொடியில் தொங்கிவிட்டு, நான்காம் நாள் புகை வாசனையோடு நம் இடுப்புக்கு வரும். அட்டை கடித்த காலோடு அம்மாக்கள் மலையிலிருந்து இறங்கும்போது, முதுகில் போட்ட சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும்.

அந்த மாதம் பிறந்தவுடன் அம்மா எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போடுவாள். சனிக்கிழமை மிளகு பொரித்த நல்லெண்ணெய் தேய்த்துத் தைல மர இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளியல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் கால் கழுவுவது. விடிந்ததும் சுக்குக் காப்பி, அதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியோடு நொச்சி இலைப் புகை. வெளியே போனால் காதில் பஞ்சு.

இதையெல்லாம் நான் அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் அட்டவணை போட்டு எழுதினேன். கிழமை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம், நடுவில் கோடு. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்த அட்டவணையை என்னைத் தவிர அங்கே யாராலும் படிக்க முடியாது. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அம்மா அதைச் சுற்றி மட்டும் அடிக்கச் சொன்னாள். சுவர் முழுக்க வெள்ளை, நடுவில் அழுக்காக என் எழுத்து. அப்போது எனக்கு அது வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம் எனக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. கார்த்திகை பிறந்து முதல் சனிக்கிழமை மூணாறில் ஸ்காலர்ஷிப் பரீட்சை. அதில் தேறினால் ஹைஸ்கூலும் ஹாஸ்டலும். நம் எஸ்டேட் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். முந்தின வருஷம் அந்தப் பரீட்சை நாளில்தான் நான் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து, கூரையில் இல்லாத யானையை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் கெஞ்சிக் கேட்டு என்னை இன்னொரு வருஷம் அதே வகுப்பில் வைத்துக்கொண்டார். அப்பா அரைமனதாகத்தான் சரி என்றார்.

"இந்த வருஷமும் படுத்துட்டா அத்தோட நிறுத்திருவோம். இவ நெஞ்சுக்கூடு தாங்காது. வீட்டுல இருந்து தங்கச்சியப் பாக்கட்டும்" என்றார்.

அவர் படிப்புக்கு எதிரி என்று நான் பல வருஷம் நினைத்தேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

இன்னொரு விதி, வாத்தியார் சொன்னது. வெள்ளிக்கிழமையே எஸ்டேட் ஜீப்பில் மூன்று பிள்ளைகள் போய் ஹாஸ்டலில் தங்கவேண்டும். இருமலோ காய்ச்சலோ இருந்தால் சேர்க்கமாட்டார்கள். வியாழக்கிழமை கம்பவுண்டரிடம் சீட்டு வாங்கி வரவேண்டும். ஆக, கணக்கோ தமிழோ எனக்குப் பயமில்லை. என் பயமெல்லாம் என் தொண்டையைப் பற்றித்தான்.

சித்தியை நான் இங்கே கொண்டுவர வேண்டும். சித்தப்பா எஸ்டேட் லாரி ஓட்டினார். கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகப் போய்வந்தவர், அந்தப் பக்கம் நல்லேப்பிள்ளியில் பெண் எடுத்தார். சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது. நெல் விளைகிற ஊரிலிருந்து வந்தவள், மூன்று மாதம் போர்வையைக் கழற்றாமல் நடமாடினாள். பேச்சுக்குப் பேச்சு அவள் 'ங்க' போடுவதைக் கேட்க நீங்களெல்லாம் சன்னலில் தொங்கினீர்கள்.

அவள் வந்திறங்கிய அன்று பெட்டியோடு ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டும் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு லயமே கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஏ மதினி, இங்க வந்து பாரு. உன் கொழுந்தன் பொண்டாட்டி சீர்வரிசையா வேலிக்கம்பு கொண்டுவந்திருக்கா!"

"வேலிக்கம்பு இல்லீங்கக்கா, ஆடாதோடைங்க. இருமலுக்கு ஆகும். எங்கூட்டுல வேலியே இதுதானுங்க" என்றாள் சித்தி.

கம்புகளை நம் லயத்துச் சாக்கடைக் கானோரமாக வரிசையாக நட்டாள். குளிர் தாங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். தாங்கியது. அடுத்த ஐப்பசிக்குள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தி முதல் கஷாயம் போட்டாள். உள்ளங்கை நீளத்துக்கு முற்றிய கரும்பச்சை இலைகளாகப் பார்த்துப் பறித்துக் கிழித்துப் போட்டு, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கொஞ்சம் கருப்பட்டி. அந்த நீல விளிம்பு டம்ளர் சித்தியுடையதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் கால்வாசி.

கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. நாக்கைச் சட்டைத் துணியில் துடைத்தீர்கள். ஒருவர் குழாயடிக்கு ஓடி வாயைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தார். பெயர் வேண்டாம், இப்போது அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் பரீட்சையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி விழுங்கினேன். விழுங்கிய பிறகு அரைமணி நேரம் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டே திரிந்தேன்.

மறுநாளே சித்திக்கு ஃபாக்டரியில் தேயிலை சலிக்கிற வேலை கிடைத்தது. வீடு திரும்ப இருட்டிவிடும். அம்மா சொன்னாள், "நீ ஒண்ணும் அலையாண்டாம். இலை பறிக்கிறதுக்கு எங்களுக்கா தெரியாது? புதனும் சனியும் நானும் மதினியும் காய்ச்சிக்கிடுதோம்."

அந்தப் புதன்கிழமை நான் அவர்கள் கூடவே இருந்தேன். மலையிலிருந்து இறங்கி, அம்மாவும் அத்தையும் கானோரம் நின்றார்கள். பேச்சு முழுக்கக் கங்காணியைப் பற்றி. கண் ஒருவர் முகத்தில் ஒருவர் வைத்திருக்க, நான்கு கைகளும் செடியின் மேல் ஓடின. டக், டக், டக். ரெண்டு இலை, ஒரு மொட்டு. ரெண்டு இலை, ஒரு மொட்டு. கை நிறைந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் அதைத் தோளுக்கு மேலே பின்னால் வீசினார்கள். பின்னால் கூடை இல்லை. கூடையை மேலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்கள். எல்லாம் என் தலையிலும் சேற்றிலும் விழுந்தது.

"எவ அவ, கூடையக் கழட்டினவ?" என்று அத்தை திரும்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் கானுக்குள் விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். நான் பொறுக்கிக் கொடுத்தேன். அத்தனையும் வெளிர்பச்சைத் தளிர். முற்றிய இலை எல்லாம் செடியிலேயே பத்திரமாக இருந்தது.

எனக்கு அப்போதே புரிந்தது. சித்தி பறித்தது இதுவல்ல. நான் சொல்ல வாயெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கசப்பு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைய கஷாயம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மிளகு, சுக்கு, கருப்பட்டி, மேலாகக் கொஞ்சம் பச்சை வாசனை. இன்னொரு கால் டம்ளர் கேட்டுக் கையை நீட்டினீர்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா மதினி, நம்ம கைப்பக்குவம்! பிள்ளைக அடிச்சுப் பிடிச்சுல்ல குடிக்கு!"

பிறகு குழாயடியில் நாம் கூட்டம் போட்டோம். யாரும் சித்தியிடம் மூச்சு விடக்கூடாது. அவள் கேட்டால் முகத்தைச் சுளிக்கவேண்டும். எப்படிச் சுளிப்பது என்று செய்து காட்டியவள் நான்தான். பள்ளிக்கூட நாடகத்தில் நடித்தவள் அல்லவா.

இருட்டும் நேரத்தில் சித்தி வருவாள். புருவத்திலும் காது மடலிலும் தேயிலைத் தூசி ஒட்டியிருக்கும். வாசல்படியில் நின்றே கேட்பாள், "கண்ணு, குடிச்சீங்களா? கசந்துதா?"

"ரொம்பக் கசக்குது சித்தி!" என்று நான் உதட்டைப் பிதுக்குவேன். பின்னால் நீங்கள் வரிசையாக நின்று குமட்டுவீர்கள்.

"கசந்தாத்தான் கண்ணு மருந்து" என்று சிரித்து என் கன்னத்தைத் தட்டுவாள். அவள் விரலில் தேயிலை வாசனை அடிக்கும். ஒவ்வொரு புதனும், ஒவ்வொரு சனியும் இப்படியே நடந்தது.

ஐப்பசி பாதி போவதற்குள் லயம் இரும ஆரம்பித்தது. முதலில் கோடி வீடு, பிறகு நடு வீடு. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சு முழுக்கக் காலி. அத்தை வீட்டுக் கடைக்குட்டி இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அத்தையின் பேச்சும் மாறியது.

"கீழ்நாட்டுச் செடிக்கு நம்ம மலைக் குளிரு என்ன தெரியும்? இந்த வாரம் பூரா கருப்பட்டியக் கரைச்சதுதான் மிச்சம்" என்று சித்தி காதுபடச் சொன்னாள். குழாயடியில் சித்தியைப் பார்த்தால் மற்றவர்கள், "வாங்க வைத்தியரம்மா" என்றார்கள். சித்தி குடத்தை நிரப்பிக்கொண்டு போவாள். நான் அவள் கண்ணில் படாமல் குனிந்துகொள்வேன். ஆனால் எனக்கு இருமல் வரவில்லையே, பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நான் பதினாறாம் வாய்ப்பாட்டின் நடுவில் இருமினேன்.

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். நான் இன்னொரு முறை இருமினேன். வாசலில் கம்பளி உதறிக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நான் அப்பமே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தச் செடிய மொதல்ல வெட்டிப் போடுதேன். ஊரு பேரு தெரியாத இலையக் குடுத்து என் பிள்ளையக் கெடுத்தாச்சு."

"வேரோட பிடுங்கிரு மதினி, கானாவது சுத்தமாகும்" என்று அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிட்டு, பார்க்கவும் வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். அரிவாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"நீங்க சொன்னாச் சரிங்கக்கா, வெட்டிருங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "எங்கூட்டுல நாங்க அஞ்சு பேருங்க. மழைக்காலம் முச்சூடும் அம்மா இதத்தான் குடுக்கும். இங்க ஏன் கேக்கலீன்னு எனக்கே தெரியலீங்க. புள்ளைக அத்தனை கசப்பையும் பொறுத்துக் குடிச்சுதுகளே, அதுதானுங்க எனக்கு வேதனையா இருக்குது."

நம் ஒப்பந்தம் அந்த இடத்தில்தான் உடைந்தது. நீங்கள் இத்தனை வருஷமாகக் கங்காணி வீட்டுப் பிள்ளைமேல் பழி போடுகிறீர்கள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"கசக்கவே இல்ல சித்தி" என்றேன்.

"என்னது கண்ணு?"

"முதல் நாளுக்கு அப்புறம் ஒரு நாளும் கசக்கல. டீ மாதிரி இருந்துச்சு."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, எலை எப்படீங்க பறிச்சீங்க?"

"இலை பறிக்கத் தெரியாதா எங்களுக்கு? பதினாறு வயசுல இருந்து பறிக்கேன்" என்று அம்மா அரிவாளை இடது கைக்கு மாற்றினாள். வலது கையைக் காற்றில் நீட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர, டக், டக் என்று கிள்ளிக் காட்டினாள். அத்தையின் கையும் தன்னையறியாமல் கூடவே கிள்ளியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோனார்கள். பாதியில் நின்றார்கள்.

சித்திக்கு முதலில் கண்தான் விரிந்தது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அக்கா, கொழுந்து கிள்ளிப் போட்டீங்களா! இது தேயிலையுங்களா? முத்துன எலைலதானுங்க மருந்தே இருக்குது!"

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "கொழுந்துதான் ஒசத்தின்னு முப்பது வருஷமா கங்காணி கத்துதான். கை வேற எதத் தேடும்?" அம்மா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பாகூட எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்ததும் சித்தி என் பக்கம் திரும்பினாள். "ரொம்பக் கசக்குதுன்னு சொன்னியே கண்ணு, ஒவ்வொரு நாளும்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. வாத்தியாரிடம் வாங்கிய எந்த அடியும் எனக்கு அப்படி வலித்ததில்லை. நான் படித்தவள், எனக்கு எல்லாம் தெரியும் என்று திரிந்தவள். தெரிந்துகொண்டே அவளைக் குழாயடியில் தனியாக நிற்கவிட்டிருந்தேன்.

அன்று இருட்டிலேயே போய்ச் சித்தியே இலை பறித்தாள். உங்கள் எல்லோர் வாயிலும் அன்று எதிர்பாராமல் இறங்கிய கசப்பு என் வேலைதான். மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரங்களில் அம்மாவும் அத்தையும் இலைக்குப் போனபோது அரிவாளை எடுத்துக்கொண்டே போனார்கள். வெறும் கையை விட்டால் அது தானாகத் தளிரைத் தேடுகிறது என்றார்கள்.

அடுத்த பத்து நாளும் எனக்குக் கஷாயம், ஆவி பிடித்தல், வெந்நீரில் கால், தலைக்குக் கம்பளித் தொப்பி. கம்பவுண்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையும் சிவப்பு மருந்தும் தனி. எதனால் இருமல் நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கம்பவுண்டர் குழாயை முதுகில் வைத்தார்.

"எந்தா மோளே, பரீட்சைக்காரி? ஒந்நு சுமச்சே, கேக்கட்டும்."

இருமிக் காட்டச் சொன்னார்; எனக்கு இருமல் வரவில்லை. வரவழைத்தும் வரவில்லை. அவர் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தார். "ஆடலோடகம்! என்டெ அம்மயும் இதே விஷம்தான் தரும்" என்று ஆடாதோடையின் மலையாளப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் அப்பா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடமே நீட்டினார். "என்ன போட்டிருக்காரு?"

"நல்ல சுகத்தோட இருக்கேன்னு போட்டிருக்காரு, அனுப்பலாம்னு."

சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வளைவு திரும்பும்போது சொன்னார், "ஜீப்புல சன்னல் பக்கம் உக்காராத. காத்தடிக்கும்."

என்னைவிட்டுப் பிரியத்தான் அவர் பயந்தார். என் நெஞ்சுக்கூடு அதற்கு ஒரு சாக்கு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷமும் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளும் தேவைப்பட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜீப் கிளம்பும்போது சித்தி ஓடிவந்தாள். சிவப்பு மருந்து தீர்ந்த சீசாவில் கஷாயம். இத்தனை வேளைக்கு இவ்வளவு என்று கம்பவுண்டர் ஒட்டியிருந்த தாள் பட்டை இன்னும் அதன் பக்கத்தில் இருந்தது. கூடவே ஒரு துணியில் சுற்றி டம்ளர். "பரிச்சைக்கு முன்னால ஒரு வாய் குடிச்சுக்க கண்ணு. யாரும் பாக்க மாட்டாங்க, பொய் சொல்ல வேண்டியதில்ல" என்றாள். கண்ணில் சிரிப்பு இருந்தது. நான் அவள் கையை விடவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

சனிக்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னால், பள்ளிக்கூட வராந்தாவில் நின்று சீசாவைச் சாய்த்து டம்ளரில் ஊற்றினேன். வேறு எஸ்டேட்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி மூக்கைச் சுளித்தபடி எட்டிப் பார்த்தாள். "என்ன அது? கசக்குமா?"

ஒரே மடக்கில் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரொம்பக் கசக்கும்" என்றேன்.

மணி அடித்தது. டம்ளரைப் பாவாடையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு அது லயத்துக்குத் திரும்பவே இல்லை. ஹாஸ்டலுக்கு வந்தது, காலேஜுக்கு வந்தது, இதோ இந்த மேசையில் பேனாக்களைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. சித்திக்குத் தெரியும். உங்கள் சண்டையைக் கேட்டுச் சிரிப்பதற்காக, இத்தனை நாள் உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவளும் அவள்தான். இனி அதற்காக நீங்கள் சண்டை போடவேண்டாம்.